இடது இடுப்பு

குரங்குகள் மட்டும் என் சோளத்தைத் தொடாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கேமரன் மலையில், கியா பார்மில் சாலை ஓரமாக எனக்கு ஒரு சின்னக் கடை. அவித்த சோளம், ஸ்ட்ராபெரி, முட்டைக்கோஸ், சக்கரவள்ளிக் கிழங்கு. வெளியூரிலிருந்து வருகிறவன் நாலு தடவை விலை கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் கார் ஏறிப் போவான், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். காட்டிலிருந்து இறங்கி வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோளத்தை எடுத்துக்கொண்டு போகிறதே அந்தச் சனியன், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிரிஞ்சாங் டவுனில் மண்டபத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்குக் கைத்துப்பாக்கி சுடச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். கூடவே பக்கத்து வீட்டு அம்சவல்லியின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள்.

அப்போது அவள் எதற்குத்தான் சரி என்று சொன்னாள்? மகள் தனுஜா போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் சுவர் என்பது பேருக்குத்தான். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் வீட்டில் எதுவுமே கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"என்னக்கா இது, துப்பாக்கியெல்லாம்? நமக்கு எதுக்குக்கா?" என்றாள்.

"கொரங்க சுடத்தான். வாயேன் லா. நான் ஒருத்தியா போனா எவனாவது சிரிப்பான்."

வந்தாள். என் தொல்லை தாங்காமல் வந்தாள் என்பதுதான் உண்மை.

சொல்லித் தந்தவள் பெயர் நளினி. முப்பது வயதிருக்கும். ஈப்போவில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் பயிற்சி கொடுப்பவள். ஒவ்வொரு ஞாயிறும் பூட்டுப் போட்ட பெட்டியில் நாலு துப்பாக்கியும், போலீஸ் அனுமதிக் காகிதமும், சுருட்டிய தாள் இலக்குகளுமாக மலை ஏறி வருவாள். தோட்டா வெடிக்கிற துப்பாக்கி இல்லை. காற்றை அடைத்து, உளுந்து அளவு ஈயக் குண்டைத் தள்ளுகிற பந்தயத் துப்பாக்கி. நான் முதல் கேள்வியாகக் குரங்கைப் பற்றிக் கேட்டேன்.

"தாளு மட்டுந்தான்க்கா," என்றாள். "கொரங்கு, கோழி, புருஷன், எதையும் சுடக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா உள்ள வாங்க."

மண்டபமே சிரித்தது. எனக்குக் கோபம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

முதல் நாள் துப்பாக்கியைக் கையில்கூடக் கொடுக்கவில்லை. நிற்கச் சொன்னாள். அட, நிற்பதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்? தண்ணீர் போத்தலை இரண்டு கையாலும் பிடித்து நேரே நீட்டச் சொன்னாள். நீட்டினோம். சிரித்தாள்.

"மொத நாளு எல்லா பொம்பளைங்களும் இதே தப்புதான். கை முன்னால போனா ஒடம்பு பின்னால சாயுது. கனத்துக்குப் பயந்து முதுக வளைக்கிறீங்க. வளைச்சா காலு ஆடும், கையும் ஆடும். தோள் அகலத்துக்குக் கால வைங்க. முட்டிய இறுக்காதீங்க. ரெண்டு கையில புடிக்கிறப்ப நெஞ்சு ஒரு இம்மி முன்னால வரணும். சரோஜாக்கா, நீங்க என்ன படத்துல வர்ற போலீஸ் மாதிரி நிக்கிறீங்க?"

அடுத்த வாரம் ஒரு கைப் பிடி. பந்தயத்தில் அப்படித்தான் சுட வேண்டுமாம். வலது தோள் தாளைப் பார்க்கப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வலது கை நீண்டிருக்க வேண்டும். இடது கை சும்மா தொங்கினால் உடம்பை ஆட்டும். ஆகவே அதைப் பாக்கெட்டில் போட்டுவிட வேண்டும். "பஞ்சாபி சூட்டுக்கு ஏது கோச் பாக்கெட்டு?" என்று கேட்டேன். அதற்கப்புறம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆளுக்கொரு டிராக் பேண்ட் வாங்கினோம்.

நின்றபடியே ஒரு சோதனையும் சொல்லிக்கொடுத்தாள். "கண்ண மூடுங்க. கையத் தூக்குங்க. இப்ப கண்ணத் தொறங்க. துப்பாக்கி தாளு நடுவப் பாத்து நின்னா நீங்க நிக்கிறது சரி. வேற எங்கயோ பாத்துச்சுன்னா கையத் திருப்பாதீங்க. கையத் திருப்பினா அது பொய். கால மாத்துங்க, இடுப்ப மாத்துங்க. ஒடம்பு எங்க நிக்குதோ அங்கதான் குண்டு போவும்."

எங்கள் துப்பாக்கிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. என்னுடையது ஜன்னலைப் பார்த்தது. அம்சவல்லியுடையது மட்டும் ஒவ்வொரு தடவையும் தாளின் நடுவுக்கு நேர் கீழே இறங்கி நின்றது. கை துளி ஆடவில்லை. நளினி அவள் பின்னால் போய் நின்று பார்த்தாள். இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. அதனால் மேல் உடம்பு தாளை நோக்கிச் சாய்ந்திருந்தது. இடது கை பாக்கெட்டில் இல்லை. எதையோ அணைத்துப் பிடித்த மாதிரி வளைந்திருந்தது. நளினி இரண்டு விரலால் இடுப்பை உள்ளே தள்ளினாள். போனது. விரலை எடுத்தாள். திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, இடுப்பு வெளிய போவுது."

"ஆமாங்க கோச்."

"ஏன் அப்படிப் போவுது?"

எங்களுக்குத் தெரியும், ஈப்போக்காரிக்கு எப்படித் தெரியும்? நான் ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அது என் பாப்பா எடங்க."

தனுஜா பிறந்தபோது அழவில்லை. அப்புறம் அழுதாள், ஆனால் தலை நிற்கவில்லை, கால் நிற்கவில்லை. டாக்டர் சொன்ன வியாதியின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நடக்க மாட்டாள் என்று சொன்னது மட்டும் புரிந்தது. அம்சவல்லியின் புருஷன் புனிதன் நல்ல மனிதன். திரிங்காப்பிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பான். அதனால் குழந்தை முழுக்க முழுக்க அம்சவல்லியின் இடுப்பில் வளர்ந்தது. மற்ற குழந்தை ஒரு வயதில், இரண்டு வயதில் இடுப்பை விட்டு இறங்கிவிடும். இவள் ஒன்பது வயது வரைக்கும் இறங்கவில்லை. கால் நீண்டு அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அப்போதும் இடுப்பில்தான்.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் கெஞ்சி, தேயிலை நாற்றுப் பண்ணைக்கு வேலையை மாற்றிக்கொண்டாள். அங்கே கூரைக்கு அடியில் நின்று பையில் மண் நிரப்பி நாற்று வைக்கும் வேலை. இடது கையில் பிள்ளை, வலது கையில் வேலை. மண் அள்ளுவது, பையை உதறுவது, சோறு பிசைவது, துணி பிழிவது எல்லாம் அந்த ஒற்றைக் கைதான். அந்தக் கை அப்படி உரமேறாமல் வேறெப்படி இருக்கும்? தனுஜாவுக்குப் பேச்சு வராது. ஆனால் அம்மா வலது கையில் எதையாவது தூக்கினால் போதும், அது பெரிய வேடிக்கை என்பது போல் களுக்கென்று சிரிப்பாள். "யாரடி இங்க சிரிச்சது?" என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன். இன்னும் சிரிப்பாள். கண்மணி.

மழை மாதத்தில் நெஞ்சுச் சளி கட்டியது. மூச்சு கர் கர் என்று இழுத்தது. அந்தச் சத்தம் என் வீட்டிலும் கேட்டது. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர்களும் பார்க்காத வைத்தியம் இல்லை. திரும்பி வந்த வேனிலிருந்து இறங்கும்போது அம்சவல்லி பிள்ளையை இடுப்பில் வைக்கத்தான் பார்த்தாள். பிள்ளையின் உடம்பு விறைத்துப்போய் வளையவில்லை. புனிதன்தான் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஆண்டவனுக்குக் கண் இருக்கிறதா என்று அன்றைக்குக் கோயிலைப் பார்த்துக் கத்தினேன். இப்போதும் கேட்கிறேன்.

இதையெல்லாம் நளினியிடம் மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார வைத்துச் சொன்னேன். அவள் அழுதாள். அதற்கப்புறம் மூன்று ஞாயிறு அம்சவல்லியின் இடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்சவல்லி சுட்டதெல்லாம் கறுப்பு வட்டத்துக்குக் கீழேயே போய்க் கொண்டிருந்தது. ஆனாலும் அவள்தான் எங்கள் எல்லாரையும்விட ஆசையாக வந்தாள். ஞாயிறு காலையில் எனக்கு முன்னால் தயாராகி, என் கதவைத் தட்டினாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அப்படி என்னடி இருக்கு அதுல?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"சுடறதுக்கு முன்னாடி மூச்ச நிறுத்தச் சொல்றாங்கல்லக்கா. அந்த நேரம் மட்டும் எனக்கு அவ மூச்சு கேக்கல. மத்த நேரம் எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கு. தூங்கறப்பவும் கேக்குது. வேலையிலயும் கேக்குது. அங்கதான்க்கா நிக்குது."

நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி என்று சொன்னேன். கேமரன் மலையில் ஏது தூசி?

அப்புறம்தான் நளினி அந்தச் செய்தியைச் சொன்னாள். கிளப்பில் துப்பாக்கி நாலுதான். ஆட்கள் கூடிவிட்டார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிறகு நன்றாகச் சுடுகிற நாலு பேருக்கு மட்டும்தான் வகுப்பு. மற்றவர்கள் அடுத்த வருஷம் வரலாம். நான் கழன்றுகொள்ளலாம் என்று சந்தோஷப்பட்டேன். அம்சவல்லியின் முகம் செத்துவிட்டது.

"கோச், எனக்கு எடம் கெடைக்குமா?"

நளினி அவள் சுட்ட தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ஒங்க கை மாதிரி கை நான் பாத்ததில்லக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இடுப்பு நேராவாம நாலுல ஒண்ணா வர முடியாது. முடிவு ஒங்களோடது. நான் சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் திரும்பி லைனுக்கு வந்து இறங்கியதும் அம்சவல்லி கேட்டாள். "நேரா நின்னா அவ கோவிச்சுக்குவாளாக்கா?"

"எந்தப் புள்ளடி அம்மா நேரா நின்னா கோவிக்கும்? போடி பைத்தியமே," என்றேன். நான் வேறென்ன சொல்ல முடியும்?

மறுநாளே தொடங்கிவிட்டாள். வேலை விட்டு வந்ததும் வீட்டுச் சுவரில் குதிகால், இடுப்பு, தோள் எல்லாம் ஒட்டுகிற மாதிரி நிற்பாள். நளினி சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. இடது கையை டிராக் பேண்ட் பாக்கெட்டில் போட்டு ஊக்கு மாட்டிக்கொள்வாள், அது வெளியே வரக் கூடாதென்று. முதலில் இடுப்பு வலியில் கண்ணீர் வந்தது. வலது கையில் மண் நிரப்பிய போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, திறந்து, மூடி, திறந்து நிற்பாள். நான் கடையைச் சாத்திவிட்டு வந்து எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, "வெளிய வருது, உள்ள இழு" என்று சொல்லிக் கொண்டிருப்பேன். ஒரு நாள் லாரியை நிறுத்திவிட்டு வந்த புனிதன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி நின்றான். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"லைன்ல அவ நடக்குறத நான் தூரத்துலருந்தே கண்டுபுடிப்பேன்க்கா. ஒரு பக்கம் சாஞ்சு நடப்பா. இப்ப நேரா நடக்குறா. ஒரு நிமிஷம் யாரோன்னு நெனச்சுட்டேன்."

"நல்லதுதானப்பா?"

"நல்லதுதான்," என்றான். ஆனால் அவன் குரல் நல்லது என்று சொல்கிற குரலாக இல்லை.

நாலு பேரைத் தேர்ந்தெடுக்கிற ஞாயிறும் வந்தது. அம்சவல்லி போய் நின்றாள். இடது கை பாக்கெட்டில். இடுப்பு உள்ளே. தலை மட்டும் தாளின் பக்கம் திரும்பியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை கொடி வணக்கத்துக்கு நிற்கிற மாதிரி நின்றாள். ஒன்பது, ஒன்பது, எட்டு, பத்து. எல்லாம் கறுப்புக்குள்ளே. மூன்றாவதாக வந்தாள். நான் போட்ட கூச்சலில் கீழே கடைக்காரன் ஓடி வந்துவிட்டான். பிரிஞ்சாங்கில் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் சிரித்தாள். அவ்வளவு மாதத்துக்கப்புறம் அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். தப்பிப் பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்த நினைப்பில் மண் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. பால்குடம் எடுக்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் லைனில் ப்ரியா என்று ஒரு சின்னப் பெண். கையில் ஒரு வயதுக் குழந்தை, துறுதுறுவென்று இருக்கும். அவளும் குடம் எடுக்க வேண்டியிருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். தனுஜா போனதிலிருந்து எங்கள் லைனில் யாரும் அம்சவல்லி கையில் பிள்ளையைக் கொடுத்ததில்லை. அவளுக்குப் பயந்தா, அவள் அழுதுவிடுவாளே என்று பயந்தா, தெரியவில்லை. ப்ரியா அதையெல்லாம் யோசிக்கிறவள் இல்லை.

"அக்கா, கொஞ்சம் புடிங்கக்கா, குடத்தத் தூக்கிட்டேன்னா செல்லம்மா அத்தை வந்து வாங்கிக்குவாங்க."

அம்சவல்லி கையை நீட்டினாள். முகம் அப்படியே மலர்ந்தது. வாங்கி, இடது பக்கம் இடுப்பில் வைத்தாள். பழக்கம்தானே, பார்க்காமலே வைத்தாள். குழந்தை வழுக்கியது. மேலே ஏற்றி மறுபடி வைத்தாள். மறுபடியும் வழுக்கிக் கீழே வந்தது. உட்கார அங்கே இடமில்லை. குழந்தை பயந்துபோய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வீரிட்டது. நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

அவள் தன் இடுப்பைக் கையால் தடவிப் பார்த்தாள். பையில் வைத்த பணம் காணாமல் போனவர்கள் தடவுகிற மாதிரி, மேலும் கீழும் தடவினாள். மேளம் அடித்துக் கொண்டிருந்தது. உறுமி அடித்துக் கொண்டிருந்தது. அவ்வளவு சத்தத்திலும் அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எடம் இல்லக்கா. அவ எடத்த நானே எடுத்துட்டேன்க்கா. இப்ப அவ வந்தா எங்க உக்காருவா?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கை கால் ஓடியிருக்கும். பால்குடத்துக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள். நேராக நடந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். கதவைத் தட்டினாள். டிராக் பேண்ட் போட்டிருந்தாள். நாலு பேரில் நான் இல்லை, ஆனாலும் துணைக்கு நானும் பஸ் ஏறினேன். மாடியில் நளினி பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை மேசையில் வைத்து, "வாங்க மூணாம் நம்பர்" என்று சிரித்தாள். அம்சவல்லி தன் இடத்தில் போய் நின்றாள். இடது கையைப் பாக்கெட்டில் போடவில்லை. முன்பு மாதிரி வளைத்து வைத்துக்கொண்டாள். இடுப்பை வெளியே தள்ளினாள். நளினி என்னைப் பார்த்தாள். நான் சும்மா இருக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

தள்ளிய இடுப்பு நிற்கவில்லை. தானாக உள்ளே வந்தது. மறுபடி தள்ளினாள். கால் மாற்றினாள். முட்டியை மடக்கிப் பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் உடம்பு மெல்ல நிமிர்ந்து, சுவரில் நின்று பழகிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கடைசியில் கண்ணை மூடினாள். கையைத் தூக்கினாள். கண்ணைத் திறந்தாள். துப்பாக்கி தாளின் நடுவை நேராகப் பார்த்துக் கொண்டிருந்தது.

சுட்டாள்.

"பத்து!" என்று நளினி கத்தினாள். கை தட்டினாள். மற்ற பெண்களும் தட்டினார்கள். நட்டநடுவில் ஓட்டை.

அம்சவல்லி துப்பாக்கியை, நளினி சொல்லிக்கொடுத்த மாதிரியே, முனை தாளைப் பார்க்க மேசையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் வந்தது அழுகை. ஆஸ்பத்திரியில் அழாதது, சுடுகாட்டில் அழாதது, கோயிலில் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. கைதட்டல் நின்றுவிட்டது. நளினியின் கால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கோச், திரும்பக் கோணலா நிக்கக் கத்துக் குடுங்க கோச். கத்துக் குடுங்களேன்."

அந்தப் பெண் என்ன சொல்வாள்? நிற்கிற விதத்தையெல்லாம் சொல்லித் தந்தவள்தான் நளினி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்சவல்லியின் இடது பக்கமாகத் தரையில் உட்காரக் குனிந்தாள்.

"அந்தப் பக்கம் வேணாம்மா," என்றேன்.

புரிந்துகொண்டாள். எழுந்து, சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தாள்.